எண்ணெய் போடக் கூடாத இடம்

ஊரார் சைக்கிளையெல்லாம் வாயடைக்க வைக்கிறவளின் சொந்த சைக்கிள் தெருவையே கூட்டும்படி கத்தினால் அவளுக்கு எப்படி இருக்கும்? மலைக்காட்டின் விளிம்பில், மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களை வாடகைக்கு விடும் கடையில் அவள் மெக்கானிக். காட்டுப் பாதையில் விழுந்து எழுந்து வருகிறவர்கள் அவளை ஸ்பேனர் அக்கா என்று கூப்பிடுவார்கள். சக்கரம் கோணினாலும் சரி, கியர் அடம்பிடித்தாலும் சரி, ஸ்பேனர் அக்கா கையில் கொடுத்தால் போதும் என்று பேர். அந்தப் பேரையும் தூக்கிக்கொண்டு சாயங்காலம் மேட்டுத் தெருவில் அவள் இறங்கி வரும்போது, முதல் வளைவிலேயே பிரேக் கீச்சிட ஆரம்பித்துவிடும். மாடியில் துணி எடுக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "வந்துட்டாங்கப்பா நம்ம மெக்கானிக்கு!" என்பார். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கக்கூட அவளுக்குத் தெம்பு இருக்காது.

தெரு முடிகிற இடத்தில் பெரிய ரோடு. ரோட்டுக்குச் சற்று முன்னால் அவள் வீடு. கீச்சல் காதில் விழுந்ததும் உள்ளேயிருந்து மாமனார் எழுந்து வந்து கேட்டைத் திறந்து வைப்பார். பிறகு போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார். தண்ணீர் மட்டும்தான். டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவருக்கு என்றைக்கும் மர்மம். சில நாள் அவள் வரும் நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே தண்ணீரை வைத்துவிட்டு, வைத்ததையே மறந்துவிடுவார். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவதற்குள் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருக்கும்.

அவள் கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி கடலில். கிளம்பும்போதெல்லாம் "அப்பாவைப் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவான். சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். பார்த்துக்கொள்வதற்கு முழு நாளும் போதாது. காலையில் அவருக்கு மாத்திரை எடுத்து வைத்து, மதியச் சாப்பாட்டை மூடி வைத்து, மேட்டில் ஏறி, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, கிரீஸ் நகத்துக்குள் போன கையோடு திரும்பி வந்து மறுபடி சமைத்து, கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்க்கும்போது அவளுக்கு அழுகைகூட வராது. கொட்டாவிதான் வரும்.

மாமனார் நூற்பாலையில் வேலை பார்த்தவர். எண்ணெய் போடுகிற வேலை. நீள மூக்கு எண்ணெய்க் குப்பியோடு மிஷின் மிஷினாக நடப்பார். எங்கே கீச்சென்றாலும் அங்கே ஒரு சொட்டு. ஆலையை விட்டு வந்து எத்தனையோ காலமாகிறது. மனைவியும் போய்விட்டாள். குப்பி மட்டும் கையை விட்டுப் போகவில்லை. கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, மின்விசிறி, கேட், கொடிக்கயிறு ஓடும் உருளை, எதையும் அவர் விட்டு வைக்கவில்லை. அந்த உருளையிலிருந்து வடிந்த எண்ணெய், அவள் நல்லது கெட்டதுக்கென்று வைத்திருந்த ஒரே சேலையில் போய் உட்கார்ந்தது. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் சேர்ந்து வேறொரு நாள் வெளியே வந்தது.

அன்று ஒரே வாரத்தில் இரண்டாவது பாத்திரம் கருகியிருந்தது. அவள் சமையலறையில் நின்றபடியே நாத்தனாருக்குப் போன் போட்டாள். "என்னால முடியல அண்ணி. அடுப்பை எரியவிட்டுட்டு மறந்துடுறாரு. நான் வேலைக்குப் போனா மனசு இங்கேயே கெடக்குது. நீங்க கூட்டிட்டுப் போயிடுங்களேன்" என்றாள். நாத்தனார் கெட்டவள் இல்லை. "எனக்கும் அப்பாதானே? பசங்களுக்குப் பரீட்சை முடியட்டும். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடுறேன். ஆனா நல்லா யோசிச்சுக்கோ. ஒருதடவை வந்துட்டா மறுபடி அங்கயும் இங்கயும் அலைக்கழிக்க முடியாது" என்றாள். நாத்தனார் வீடு அடுக்குமாடியின் உச்சியில். வாசல் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. அங்கே போனால் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேலையே இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொல்லைப்புறத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவருக்கு இது கேட்டிருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிரேக் கத்த ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டையும் அப்போது அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

டிஸ்க் பிரேக் பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. சக்கரத்தின் நடுவில் மெல்லிய எஃகுத் தட்டு, அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு பேட். கைப்பிடியை அழுத்தினால் பேட் இரண்டும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும். நிறுத்துவதற்காக இருக்கிற பாகம் என்பதால் அங்கே வழுக்கல் ஆகாது. கைவிரல் பிசுக்குப் பட்டாலே முனகும். கடைக்கு வருகிற கத்தல் கேசில் பாதி, யாராவது ஆர்வக்கோளாறில் செயினுக்கு ஸ்பிரே அடிக்கப்போய் டிஸ்க்கிலும் அடித்ததாகத்தான் இருக்கும். அவர்களுக்கெல்லாம் அவள் பொறுமையாகப் பாடம் எடுத்திருக்கிறாள்.

தன் சைக்கிளையும் அப்படித்தான் முறையாகப் பார்த்தாள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்துப் பார்த்தாள், டிஸ்க் கோணவில்லை. பேட்களைத் தாங்கும் காலிப்பரைத் தளர்த்தி, கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இறுக்கி நேராக்கினாள். டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். பேட்களைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தாள். கத்தல் நின்றது. ஓரிரு நாளில் மறுபடி வந்தது. புதுப் பேட் போட்டாள். நின்றது, வந்தது. காலிப்பருக்குள்ளிருந்துதான் பிரேக் திரவம் கசிகிறதோ என்று சந்தேகம் வந்து, அரைநாள் லீவைத் தியாகம் செய்து அதையும் பிரித்து மேய்ந்தாள். உள்ளே காய்ந்து சுத்தமாக இருந்தது. அவளுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

கடை முதலாளி சிரித்தார். "ஏம்மா, அதை ஓரமா போட்டுட்டு வாடகை வண்டி ஒண்ணை எடுத்துட்டுப் போயேன்."

"என் வண்டியை நானே பார்க்க முடியலைன்னா நாளைக்கு எவன் என்கிட்ட வண்டியைக் குடுப்பான்?" என்றாள் அவள். ரோஷத்துக்கு மட்டும் அவளிடம் அலுப்பே கிடையாது.

அந்த ரோஷம் ஒருநாள் அவளை ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது. அன்று லேசான தூறல். மேட்டுத் தெருவில் பாதி இறங்கிய பிறகுதான் பிரேக் கத்தவில்லை என்பதை அவள் கவனித்தாள். அப்பாடா என்று இருந்தது. அடுத்த கணமே, கத்தவும் இல்லை, பிடிக்கவும் இல்லை என்று புரிந்தது. இரண்டு கைப்பிடியையும் விரல் நோக அழுத்தினாள். சைக்கிள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. செருப்பைத் தரையில் தேய்த்தாள். அவள் வீட்டுக் கேட் வந்தது, மூடியிருந்தது, போயும்விட்டது. பெரிய ரோட்டில் லாரி ஹாரன் அலறியது. கண்ணை மூடினாளோ திறந்திருந்தாளோ அவளுக்கே தெரியாது. எதிர்ப்பக்கம் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தபோது, லாரி அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியே அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

கொஞ்ச நேரம் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கை உரிந்திருந்தது. பிறகு பழக்கதோஷத்தில் கை டிஸ்க்குக்குப் போனது. விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். பிரேக் திரவத்தின் வாடை இல்லை அது. அவள் வீட்டுக் கதவுக் கீலில், ஜன்னல் கொக்கியில், நல்ல சேலையில் இருந்த வாடை.

வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். "என்னம்மா கையில?" என்று மாமனார் கேட்டார். "விழுந்துட்டேன்" என்றாள். டிஸ்க்கை ஸ்பிரிட் ஊற்றி, வெள்ளைத் துணியில் கறையே வராத வரைக்கும் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்தும் விடியாததுமாக எழுந்து சமையலறை ஜன்னல் ஓரம் நின்றாள்.

அவர் கொல்லைப்புறத்துக்கு வந்தார். சைக்கிள் பக்கத்தில் மெதுவாகக் குத்துக்கால் இட்டு உட்கார்ந்தார். செயினில் கணுக்கணுவாக ஒவ்வொரு சொட்டு வைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மிஞ்சிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார். வேலையைக் குறை சொல்ல முடியாது. கடையில்கூட யாரும் இவ்வளவு பதமாகச் செய்ததில்லை. அதே பதத்தோடு சக்கரத்தைச் சுழலவிட்டு, குப்பியின் மூக்கை டிஸ்க்கில் வைத்தார்.

"மாமா!"

அவர் திரும்பிச் சிரித்தார். "நேத்து விழுந்துட்டியேம்மா. பாத்தா இந்தப் பக்கம் சுத்தமா காஞ்சு கெடக்கு. அதான் இன்னைக்குக் கொஞ்சம் தாராளமாவே விட்டேன்."

"அது காஞ்சுதான் கெடக்கணும்! எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது மாமா. பிடிக்காமத்தான் நேத்து நேரா ரோட்டுல போய் விழுந்தேன். லாரி வந்துச்சு, தெரியுமா? கொஞ்சம் தப்பியிருந்தா இந்நேரம் எனக்கு மாலை போட்டிருப்பாங்க!"

அவர் குப்பியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். "கத்துச்சேம்மா" என்றார்.

"நீங்க எண்ணெய் விட்டதாலதான் கத்துச்சு."

"கத்துனதாலதானே நான் விட்டேன்."

"முதல்முதல்ல ஏன் விட்டீங்க? அப்போ கத்தலையே!"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவள் குப்பியைப் பிடுங்கினாள். "இனிமே என் சைக்கிளைத் தொடாதீங்க. இந்த வீட்டுல எதையுமே தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு, குப்பியைச் சமையலறை அலமாரியின் உச்சியில், அவர் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்தாள்.

எண்ணெய் குடித்த பேட்களைக் காப்பாற்ற முடியாது. சிலர் அடுப்பில் வாட்டிப் பார்ப்பார்கள், வீண்வேலை. கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், பழைய பேட்களைத் தூக்கி எறிந்து புதுசு போட்டாள். கடைக்குப் பக்கத்துச் சரிவில் வேகமெடுத்து, முழுசாக நிற்காமல் பிரேக் பிடித்து விட்டு, மறுபடி வேகமெடுத்துப் பிடித்து விட்டு, பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும்வரை போய்ப் போய் வந்தாள். கடைசியில் பிரேக் கப்பென்று பிடித்தது. இம்மியளவு சத்தம் இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

மாமனார் அவள் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. எதையும் தொடவில்லை. கேட்டைத் திறக்கவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாத்திரம் கருகவில்லை. அவள் கேட்ட நிம்மதி கேட்டபடியே கிடைத்தது. அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை. சாப்பாடு போட்டால் "போதும்மா" என்பார். நாத்தனாரிடமிருந்து செய்தி வந்திருந்தது: "பரீட்சை முடிஞ்சுது. இந்த ஞாயிறு வரட்டுமா?" அவள் பதில் போடவில்லை. வரட்டும் என்றுதான் இருந்தது. வரட்டும் என்று எழுத விரல் வரவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்தது. காலையில் மேட்டில் மிதிக்கும்போது புதிதாக ஒரு முனகல் கேட்டது. பிரேக் இல்லை; செயின். காய்ந்துபோயிருந்தது. தன் செயினுக்குத் தான் கடைசியாக எப்போது எண்ணெய் விட்டோம் என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. ஊரார் வண்டிக்குத்தான் அவளுக்கு நேரம் இருந்தது. அவள் செயினைப் பார்த்துக்கொண்டது யார் என்று இப்போது தெரிந்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது. முதல்முதலில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டாளே, அவர் பதில் சொல்லவில்லையே. பாத்திரம் கருகிய நாள், போன் பேசிய நாள், கத்தல் ஆரம்பித்த நாள். அவள் போன் பேசியபோது கொல்லையைப் பார்த்த சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் பாதி மேட்டில் இறங்கி நின்றுவிட்டாள். வெட்கமாக இருந்தது. இத்தனை அலுப்புக்கு நடுவில் வெட்கமும் படவேண்டியிருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் இறங்கி வந்தபோது தெரு தன்பாட்டுக்கு இருந்தது. தையல்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. வீட்டு வாசலில் பிரேக் பிடித்தாள். சைக்கிள் பூப்போல நின்றது. கேட்டைத் தள்ளினாள். அவர் எண்ணெய் விட்டு வளர்த்த கேட், சத்தமே இல்லாமல் திறந்தது.

முன்னறையில் மாமனார் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் அவருடைய பை, வாய் திறந்தபடி. மடித்த துணிகள் மேலே தெரிந்தன. ஒரு கையில் போன்.

"நீ பாட்டுக்கு நாளைக்கு வந்துடும்மா. அவளைக் கேட்டுக்கிட்டு நிக்காத. போகவேணாம்னு அவ சொல்லலைன்னா எனக்குக் கஷ்டம். சொன்னா அவளுக்குக் கஷ்டம். எதுக்கு அந்தப் பேச்சு? ... இல்லம்மா, அவமேல ஒரு குத்தமும் இல்லை. ஓயாம உழைக்கிற பொண்ணு. அவளை நான் லாரிக்கு அடியில தள்ளப் பாத்தேன்... சரி, இரு. அவ வர்ற நேரம்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் வச்சிடுறேன்."

அவள் வாசலிலேயே நின்றாள். சத்தமில்லாமல் வந்ததுபோலவே சத்தமில்லாமல் பின்வாங்கலாம். கேட்டுக்கு வெளியே போய் ஒரு செருமல் செருமினால் அவர் போனை வைத்துவிடுவார். நாளைக்குக் கிளம்பிவிடுவார். அவராகவே போனார் என்று கணவனிடம் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஒரு மூச்சு நேரம் அவளுக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்தது. முதுகும் தோளும் அவளைப் பின்னால் இழுத்தன.

அவள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து சமையலறைக்குப் போனாள். ஸ்டூலைக் கரகரவென்று இழுத்துப் போட்டு ஏறி, எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். அவர் சட்டென்று திரும்பினார். "எப்பம்மா வந்தே?"

"பிரேக் சரியாயிடுச்சு மாமா. இனிமே நான் வர்றது கேக்காது. போனைக் குடுங்க." வாங்கினாள். "அண்ணி, நான்தான். நாளைக்கு வாங்க. வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. தனியா வாங்க, தனியாவே போங்க."

மறுமுனையில் நாத்தனார் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். அவள் காதில் வாங்காமல் போனை அவர் கையிலேயே திணித்துவிட்டு, சைக்கிளை முன்னறைக்குள் தள்ளி வந்து சுவரில் சாய்த்தாள். பிளாஸ்டிக் பை இரண்டை எடுத்து, முன்னும் பின்னும் டிஸ்க், காலிப்பர் எல்லாவற்றையும் மூடி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"இந்தப் பைக்குள்ள இருக்கிறது என் உசுரு மாமா. இதைத் தவிர எதுல வேணா விடுங்க. செயின் காஞ்சு கெடக்கு. மேட்டுல ஏறும்போது அது என்னைத் திட்டுது."

அவர் குப்பியை வாங்கவில்லை. "வேணாம்மா. என் கை இனிமே அதுக்குப் பக்கத்துல போகக்கூடாது."

"அன்னைக்கு நான் அண்ணிகிட்டப் பேசினது கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"அதுக்கப்புறம்தான் சைக்கிள் பக்கம் வந்தீங்களா?"

"ஏதாவது செஞ்சா நீ வச்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றார் அவர். "வேற எதுல விடுறது? வீட்டுல எல்லாத்துலயும்தான் விட்டாச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. "அன்னைக்கு முடியலைன்னு சொன்னது பொய் இல்லை மாமா. இன்னைக்கும் முடியலைதான். அடுப்பை நீங்க தொடவே கூடாது, அது அப்படியேதான். ஆனா போகாதீங்க."

அவர் பையை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, போனைத் தரையில் வைத்து, சைக்கிள் பக்கத்தில் மெல்லக் குத்துக்கால் இட்டு உட்கார்ந்தார். அவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். மேற்பார்வை பார்ப்பதாகத்தான் எண்ணம். முதல் கணுவில் சொட்டு விழுந்தது, இரண்டாவதில் விழுந்தது. பெடல் பின்னோக்கி மெல்லச் சுற்றியது. எப்போது கண் மூடினாள் என்று அவளுக்குத் தெரியாது.

தரையில் கிடந்த போனிலிருந்து குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அப்பா? என்னப்பா நடக்குது அங்க? அவளைக் கூப்பிடுங்க."

பெரியவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அவ தூங்குறாம்மா" என்றார், குரலை இறக்கி. "அப்புறமாப் பேசு. எனக்கு வேலை இருக்கு."